உயிர்நூலை அறுக்கும் சொட்டு மருந்து

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் பெயர்க்காரணத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். (இந்த வியாதிக்கு இன்றுவரை மருந்து இல்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப். அபிராமபுரத்துக் கண் டாக்டர் ஒருவர் கண்பாவையை விரிய வைக்கும் எங்கள் அட்ரோபின் சொட்டு மருந்தை எழுத ஆரம்பித்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மற்ற ரெப்புகள் டாக்டருக்குப் பேனா கொடுப்பார்கள். நான் பெயர்க்காரணம் கொடுப்பது என்று முடிவு கட்டினேன்.

கிளினிக் பெஞ்சில் ஏழெட்டுப் பேர், கண்ணில் அதே அட்ரோபினை (வேறு கம்பெனியுடையது) விட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரிடம் சொல்லப்போவதை நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடாப்பா முணுமுணுக்கறே?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி.

கேட்டால் விடுவேனா? "உங்க கண்ல விட்டிருக்கற மருந்தோட பேரு, மாமி. கிரேக்கத்துல அட்ரோபாஸ்னு ஒரு தேவதை. மனுஷங்களோட உயிர்நூலை அறுக்கறதுதான் அவ வேலை."

"அவளையா என் கண்ல விட்டிருக்கா?"

மாமி எழுந்தார். பெஞ்சே எழுந்தது. பார்வை மங்கிய அத்தனை பேரும் சுவரைத் தடவிப் போய், காலுக்கு அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மாமியின் ஒரு காலில் ஹவாய், மறு காலில் யாரோ ஒரு மாமாவின் தோல் செருப்பு.

"இன்னா சார் சொன்ன? எல்லாம் போய்க்கினு கீதே" என்றார் கம்பவுண்டர்.

வேலை போய்விடும் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. தெருமுனை வரை ஓடி மாமியை மறித்தேன். பெயரால் கெட்டதைப் பெயராலேயே சரிக்கட்ட வேண்டும்.

"மாமி, அந்த மருந்து எடுக்கற செடிக்கு இன்னொரு பேரு பெல்லடோனா. அழகான பெண்மணின்னு அர்த்தம். இத்தாலியில அந்தக் காலத்துப் பொண்ணுங்க கண்ணு பெரிசாத் தெரியணும்னு இதைத்தான் விட்டுக்குவாங்க."

மாமி சற்று யோசித்தார். "இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

அவரே மற்றவர்களையும் திரட்டிக்கொண்டு திரும்பினார். எல்லாவற்றையும் விசாரித்த டாக்டர், எங்கள் மருந்தையே எழுதுவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, கிளினிக்குக்குள் நான் வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் என் வேலை நிரந்தரமானது.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். இப்போதும் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் ஏதாவது சொல்லுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால், உள்ளேயிருந்து குரல் வரும்: "கிளம்பறவங்க அவங்கவங்க செருப்பைப் பார்த்துப் போட்டுக்குங்க."