ரைட்டர் மேல் ஒரு மனு

“யார் மேல மனு?” என்று அங்கப்பன் கேட்டார்.

“ரைட்டர் மேலதானுங்க,” என்றாள் வீராயி.

அங்கப்பன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, எந்த எஸ்டேட் ரைட்டர் என்று விசாரித்தார். வீராயிக்குச் சங்கடமாகப் போயிற்று. அவளுக்குப் பின்னால் நின்ற நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

“உங்க மேலதானுங்க. துரைக்குக் குடுக்கோணும். இந்த எஸ்டேட்டுல எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதானுங்களே.”

1934ஆம் வருஷம் அது. சேலத்து மலையில், கொட்டச்சேட்டு ஊருக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டுக்கு அங்கப்பன் ரைட்டராக வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரைட்டர் என்று பேர்தானே ஒழிய, எழுதுகிற வேலை பெரிதாக ஒன்றுமில்லை. விடிந்தும் விடியாமலும் மணியடித்து, ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் ஒரு டிக். வராவிட்டால் பேர்மேல் ஒரு கோடு. அந்த ஆளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அந்தக் கோட்டை அவர் அடிக்குச்சி வைத்து நேர் பிசகாமல் போடுவார். மழையானாலும் இது நிற்காது. அவர் ஆபீஸ் தாழ்வாரத்தில் நின்று கூப்பிடுவார். ஆட்கள் களத்தில் நனைந்துகொண்டு பதில் சொல்வார்கள். மனுவின் விஷயமும் இதுதான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் நேரே அடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கிப்போய் வேறு யாரிடமாவது எழுதி வாங்குவார்கள். முன்பின் தெரியாதவன் என்னென்ன எழுதித் தொலைப்பானோ. தானே எழுதினால் பக்குவமாக எழுதலாம் என்று அங்கப்பனுக்குப் பட்டது.

அரைமணி நேரத்தில் எழுதி வாசித்தும் காட்டினார். மழைக்காலங்களில் பேர் கூப்பிடுவதில் ரைட்டர் அவர்கள் சிற்சில சமயம் சற்றே தாமதிப்பதாகத் தெரியவருகிறது என்று அதில் இருந்தது.

“பக்கத்து ஊட்டுச் சமாச்சாரமாட்டம் இருக்குதுங்க,” என்றாள் வீராயி. “எங்களுக்கு நடந்தது எங்களுக்கு நடந்தாப்பல இருக்கோணும்.”

அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. தன்மேல் மனு கொடுக்க வந்தபோதுகூட அவருக்கு அப்படித் தைக்கவில்லை. சரி, என்னதான் நடந்தது, சொல்லுங்கள் என்றார்.

சொன்னார்கள். தாடை கட்டிக்கொண்டு பதில் சொல்ல வராமல் பேரைத் தொலைத்த கதையை ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தியான மாதம்மாள் சொன்னது வேறு. அவள் பதில் சொன்ன நேரத்தில் இடுப்பிலிருந்த பிள்ளை அலறியதாம். ரைட்டர் காதில் பிள்ளை சத்தம்தான் விழுந்ததாம். அத்தனை நாளும் பத்தடி தூரத்தில் நின்றவர் அங்கப்பன். ஆனாலும் எல்லாம் அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

மூன்று காகிதத்தைக் கிழித்தார். நாலாவதில் வந்துவிட்டது:

‘நாங்கள் வாய் திறக்காதது திமிரினால் அல்ல, குளிரில் தாடை கட்டியதனால். ரைட்டர் எங்கள் பேர்மேல் போடும் கோட்டைப் போல் நேரான கோடு இந்த மலையில் வேறு கிடையாது. அந்தக் கோட்டுக்கு அடியில்தான் அன்றைக்கு எங்கள் அடுப்பு அணைந்து கிடக்கிறது.’

படிக்கப் படிக்க அந்த ரைட்டர்மேல் அவருக்கே ஆத்திரமாக வந்தது. தன் கைக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்பது முப்பத்தெட்டாவது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் மனைவி வேலம்மாளிடம் நகலை வாசித்துக் காட்டினார். அவள் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

“இந்தப் பாவி யாருங்க? இவனுக்கெல்லாம் ஒருத்தி சோறாக்கிப் போடறாளா?”

வேறு எஸ்டேட்காரன் என்று சொல்லிவிட்டு அங்கப்பன் தோசையைத் தின்றார்.

துரைக்குத் தமிழ் அரைகுறையாகப் பேச வரும்; படிக்க வராது. வந்த காகிதங்களை இங்கிலீஷில் சொல்வதும் ரைட்டர் வேலைதான். அங்கப்பன் நம்பியிருந்தது இதைத்தான். சொல்லும்போது அந்தக் கோட்டு வரியை விட்டுவிடலாம், அடுப்பை விட்டுவிடலாம், ரைட்டர் நல்லவர் என்று ஒரு வரி சேர்த்தும் விடலாம். ஆனால் வாயைத் திறந்ததும் மனசு கேட்கவில்லை. அந்த அடுப்பை எடுத்துவிட்டால் முழு வாக்கியமும் நொண்டும். ஒன்றையும் விடாமல் சொன்னார். அடுப்பு வந்த இடத்தில் சற்று நிறுத்தியும் சொன்னார்.

துரை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இது கூலி ஆட்களின் பேச்சே இல்லை என்றார். சேலத்து வக்கீல் யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறான். இதை நம்ப வேண்டியதில்லை, குப்பையில் போடு என்றார்.

அங்கப்பன் தப்பித்துவிட்டார். காகிதத்தைக் கையில் வாங்கி வாசல்வரைக்கும் வந்தார். அங்கே கால் நின்றுவிட்டது.

சேலத்து வக்கீலாம். எந்த வக்கீலுக்கு அந்த அடுப்பு தோன்றியிருக்கும்?

“வக்கீல் இல்லைங்க, துரை,” என்றார் திரும்பி. “நான்தான் எழுதினேன்.”

அடுத்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவனே தன் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகு விசாரணை எதற்கு என்று துரை கேட்டார். இனிமேல் பேர் கூப்பிடுவது காப்பிக் கொட்டகைக்குள். ரைட்டருக்கு வேலை இந்த மாசத்தோடு சரி. உத்தரவைத் தமிழில் எழுதி நாளைக்குக் காலையில் எல்லாருக்கும் வாசித்துவிடச் சொன்னார்.

அங்கப்பன் அதையும் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. மறுநாள் வாசித்தபோது பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வேலம்மாளிடம் உண்மையைச் சொன்ன பிறகு இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின. மூன்றாம் நாள் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த அடுப்பு வர்ற எடத்தை இன்னொருக்கா படிங்க,” என்றாள்.

படித்தார். கேட்டுவிட்டு, குப்பனூர் ரோட்டில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தால் மனு எழுதிக்கொள்ள ஜனங்கள் வராமலா போவார்கள் என்றாள். நாலு நாளாக அங்கப்பன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.

மாசக் கடைசியில் மலையிறங்கினார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியை அந்த நான்கு பெண்களில் ஒருத்தியான ஆராயி தலையில் சுமந்து முன்னே நடந்தாள். வேலை போனவனுக்கு இருக்கக்கூடாத அளவு சந்தோஷம் அங்கப்பனுக்கு. இந்த எழுத்தைத் தன்னிடமிருந்து வெளியே கொண்டுவந்தவர்களே இவர்கள்தானே என்று நினைத்தார். பாதி வழியில், என்ன தைரியத்தில் என்னிடமே வந்து கேட்டீர்கள் என்று அவளை விசாரித்தார்.

ஆராயி சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“இதுல என்னங்க தைரியம்? உங்களுக்கு முன்னாடி இருந்த மூணு ரைட்டருங்களும் அவங்கவங்க மேல நாங்க குடுத்த மனுவை அவங்கவங்க கையாலதானுங்க எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. ஆனா, யாரும் உங்களாட்டம் இத்தனை ஆசையா எழுதலைங்க.”