குரூப்பில் விழுந்த படம்

படம் போகவேண்டிய இடம் தம்பியின் போன். போய்ச் சேர்ந்த இடம் கம்பெனி வாட்ஸப் குரூப்.

எடுத்து அனுப்பியவள், அந்த மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. படத்தில் இருந்தவை குழந்தைகளுக்கான இருமல் மருந்துப் பாட்டில்கள். காலாவதித் தேதி லேபிளை உரித்துவிட்டு, அடுத்த வருஷத் தேதி போட்ட லேபிளை ஒட்டிக்கொண்டிருந்தவர் மேனேஜரின் மச்சான். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

அவசரமாக அழித்தாள். அவள் போனில் மட்டும் அழிந்தது. மற்ற நாற்பது பேர் போனிலும் படம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

'மேலே உள்ள படத்தை யாரும் பார்க்க வேண்டாம்' என்று ஒரு செய்தி போட்டாள். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"யார் எடுத்த படம் இது?"

"தெரியலை சார். என் போன் காலையிலேயே காணாமப் போச்சு."

மேனேஜர் அவள் நம்பரை அழுத்தினார். அவள் கைப்பைக்குள்ளிருந்து பாட்டு கிளம்பியது.

"கிடைச்சிருச்சு சார்," என்றாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எல்லாரையும் நிக்கவச்சு உன்னை வேலையை விட்டு அனுப்புறேன். அப்பத்தான் மத்தவங்களுக்குப் புத்தி வரும்."

சாயங்காலம் தம்பி வந்தான். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருப்பவன்.

"எதுக்குக்கா அழறே? வேலை பார்க்கிற இடத்துல நடக்கிற குத்தத்தைச் சொன்னவங்களை வேலையை விட்டு எடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. இடம் மாத்தக்கூடாது, பதவியும் இறக்கக்கூடாது."

"அப்பாடா!"

"ஆனா முறைப்படி அதிகாரிகிட்ட சொல்லியிருக்கணும். குரூப்புல போட்டதெல்லாம் கணக்குல வராது."

"அடப்பாவி, அதை முதல்ல சொல்லக்கூடாதா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் மெல்ல இழுத்தார். "பேசாம ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா என்ன? நம்ம புள்ளை படிப்பு இருக்கு..."

"அந்த மருந்தைக் குடிக்கிறதும் யாரோ பெத்த புள்ளைதானே?"

கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம், "காலையில நானும் கூட வரேன்," என்றார்.

ஒன்பது மணிக்கு மருந்து ஆய்வு அலுவலகம் திறந்ததும் கணவரோடு போய் முதல் ஆளாகப் புகார்ப் படிவத்தை வாங்கினாள். 'பெயரை ரகசியமாக வைக்க வேண்டுமா?' என்று ஒரு கேள்வி.

"நாப்பது பேருக்குத் தெரிஞ்ச ரகசியத்தை எங்கேங்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்று எழுதினாள். முத்திரை குத்திய ரசீதோடு பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்குள் நுழையும்போது மணி சரியாகப் பதினொன்று.

எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் கையில் கடிதம். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் வாயைத் திறந்த நேரம், வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மருந்து ஆய்வாளர் அம்மா இறங்கினார். மேனேஜரின் மச்சான் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"எவன் புகார் கொடுத்தது?" என்று மேனேஜர் கத்தினார்.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"எவனும் இல்லை சார், நான்தான். பேரை மறைக்க வேண்டாம்னு எழுதியும் குடுத்திருக்கேன்."

லேபிள் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா சொல்றது நிஜம். நானும் பார்த்தேன்." பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

ஆய்வாளர் ரசீதைப் பார்த்தார். மேனேஜர் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். "இது செல்லாது. இவங்க இதே இடத்துல, இதே வேலையில இருப்பாங்க," என்றவர், கிடங்கைப் பூட்டி சீல் வைக்கப் போனார்.

யாரோ கைதட்ட, மொத்தக் கூடமும் தட்டியது. அக்கா தலை நிமிர்ந்து வாசலுக்கு வந்து ஜீப் டிரைவரிடம் பெருமை பொங்கச் சொன்னாள்: "ஒன்பது மணிக்குப் புகார் குடுத்தேன், பதினோரு மணிக்கு வந்துட்டீங்களே!"

டிரைவர் விழித்தார். "நாங்க தலைமை ஆபீசுலேருந்து எட்டு மணிக்கே கிளம்பிட்டோமேம்மா! 'மருந்துல தேதி மாத்தினதைப் படம் எடுத்தவளை வேலையை விட்டு எடுத்தா சட்டப்படி தப்பா'ன்னு உங்க மேனேஜர்தானே நேத்து அங்கே போன் போட்டு, கம்பெனி விலாசம் முதற்கொண்டு சொல்லிக் கேட்டாரு?"