ஜாஸ் கேட்டு நான் காலமான விபரம்

லிந்துலை,
செவ்வாய்க்கிழமை.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் என் சம்பந்தியாகவிருக்கும் கந்தப்பளை மரக்கறி வியாபாரி திரு. முத்துலிங்கம் அவர்களுக்கு, தோட்டத்து முன்னாள் பெரிய கிளாக்கர் சிவசாமி உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி நாகலெட்சுமியும் மகள் வினோதாவும் சுகம். அங்கு தாங்களும் அண்ணியாரும் மாப்பிள்ளை துஷாந்தும், மண்ணில் நிற்கும் லீக்ஸும் கரட்டும் சுகமாக இருக்க, நுவரெலியா மாவட்டத்திலுள்ள எல்லாக் கோயில்களையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்துக்குத் தாங்கள் குடும்பத்தோடு பரிசத்துக்கு வரவேண்டும்.

'உயிரோடு' என்று எழுதியது அழகுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து தங்களைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறேன், தாங்கள் எடுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். காலமானவரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் நானும் எடுக்கமாட்டேன். ஆனால் நான் காலமாகவில்லை. ஒரு துக்கமும் நேராத இந்த வீட்டை, துக்க வீடு என்று நினைத்துத் தாங்கள் பரிசத்தைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு அவாண்ட்கார்ட் ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்துக் கேட்கும் பழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கம் ஏதும் இருக்குங்களா?" என்று அண்ணியார் கேட்டபோது, போத்தலைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு இல்லை என்றேன். இது வேறு பழக்கம். நான் ஓய்வுபெற்ற வருடம் பழைய தொரை பங்களாவை உல்லாசப் பயணிகள் விடுதியாக மாற்றினார்கள். கூரைக்கடியில் கிடந்த தட்டுப் பெட்டியொன்றையும் ஒரு பிளேயரையும் குப்பையோடு வெளியே வைத்திருந்தார்கள். நடனத்துக்கு ஏற்ற ஆங்கிலப் பாட்டாக இருக்கும் என்று கேட்டு வாங்கிவந்து ஊசியை வைத்தேன். கம்பி வேலியில் மாட்டிக்கொண்ட ஒரு மாடு, அதைப் பற்றி இன்னொரு மாட்டிடம் முறையிடுவது போல் ஒரு சாக்ஸபோன் கிளம்பியது. முதல் நாள் மெஷின் பழுது என்று நினைத்தேன். அடுத்த நாள் நான்தான் பழுது என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் விளங்கியது, சம்பந்தி: பழுது எங்கேயும் இல்லை, அவர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள்!

அவாண்ட்கார்ட் என்றால் படைக்கு முன்னே போகிறவர்கள் என்று அகராதி சொல்கிறது. இவர்கள் அவ்வளவு வேகமாக முன்னே போய்விட்டார்கள், மெட்டும் தாளமும் இன்னும் வந்து சேரவில்லை. தாங்களே யோசித்துப் பாருங்கள். வேலைக்காலம் முழுவதும் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து நிற்கும் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும் என்று பயந்து வாழ்ந்தவன் நான். இங்கே நாலு பேர், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கூடாமல், கூடவேண்டும் என்ற கவலையும் இல்லாமல், ஆளுக்கொரு பக்கம் ஓடி, கடைசியில் யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்! அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிறகு கொழும்பில் ஒரு கடை, கண்டியில் ஒரு பென்ஷன்காரர், பெயர் வாயில் வராத ஊர்களில் சில வெள்ளைக்காரர்கள் என்று தொடர்பு வளர்ந்து, பெட்டி அலுமாரியாகிவிட்டது. லிந்துலைப் பனிக்குத் தட்டில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அடுப்படியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் உலர்த்துகிறேன். தட்டில் கருவாட்டு வாசமும் கருவாட்டில் தட்டு வாசமும் வருவதாக வினோதாவின் தாயார் சொல்கிறார். முதல் பாதி மட்டும் உண்மை.

சனிக்கிழமை டென்மார்க்கிலிருந்து ஒரு தட்டு வந்தது. ஒரு சாக்ஸபோன், இரண்டு டிரம், வேறு யாரும் இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு வருடக் கணக்காகத் தேடிய தட்டு அது. ஞாயிறு மதியம் சாப்பிட்டு, கம்பளித் தொப்பி போட்டு, கழுத்து வரை போர்வையை இழுத்து, சாய்வு நாற்காலியில் கைகளை மார்பில் கோத்துக்கொண்டு கண்ணை மூடினேன். இந்த இசையைக் கண்ணை மூடித்தான் கேட்கவேண்டும். திறந்தால் வீட்டிலிருப்பவர்களின் முகம் தெரியும். வினோதாவின் தாயார் சுவரோரம் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜாஸ் பற்றி அவருடைய நிலையான கருத்து அதுதான்.

இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு வழியாக மூக்கன் போயிருக்கிறார். மூக்கன் பக்கத்து லய வரிசையில் குடியிருப்பவர், ஓட்டோ ஓட்டுகிறார், அதோடு தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். சங்கம் சித்திரையில் புதிதாகத் தகரப் பந்தலும் பிளாஸ்டிக் கதிரைகளும் ஒலிபெருக்கியும் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து எங்கள் டிவிசனில் ஒருவரும் சாகவில்லை. எல்லாருக்கும் அது சந்தோசம்தான். ஆனால் ஒரு செயலாளர் என்ற முறையில் மூக்கனுக்கு அதில் ஒரு மனவருத்தம் இருந்தது. அவர் காதில் விழுந்தது என்ன? உள்ளே ஒரு பெண் ஒப்பாரி வைப்பது போன்ற சத்தம், அதற்குப் பின்னால் சாவுத் தப்பு மேளத்தின் அடி. ஜன்னலால் எட்டிப் பார்த்தவர் கண்டது என்ன? நீட்டி நிமிர்ந்து கண்மூடிக் கிடக்கும் நான், தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி. இதற்கு மேல் ஒரு செயலாளருக்கு என்ன சாட்சி வேண்டும்? துக்க வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்பது சங்கத்தின் பழக்கமல்ல. வேலையைத் தொடங்குவதுதான் பழக்கம். சந்தியிலிருந்து எங்கள் படலை வரை வெள்ளைக்கொடி கட்டினார்கள். வாசலில் பந்தல் எழும்பியது. ஒலிபெருக்கியில் என் பெயரை, பதவியோடு, மூன்று லயத்துக்கும் கேட்கும்படி அறிவித்தார்கள். அந்த நேரம் டிரம்கள் உச்சத்தில் இருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வினோதாவின் தாயார் அதற்குள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டிருந்தார். தப்புக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இனி எழுதப்போவதைத் தாங்கள் நம்ப வேண்டும். தட்டு முடிவை நெருங்குகிறது என்று நான் நினைத்த வேளையில், இரண்டு டிரம் நாலானது. நாலு ஆறானது. இதுவரை இல்லாத ஒரு ஆழம், ஒரு மண் வாசம், ஒரு துணிச்சல்! நடுவில் ஒரு பெண்குரல் வேறு எழும்பி, என் பெயரைச் சொல்வது போலவே அழுதது. டென்மார்க்கில் இருந்துகொண்டு இதை எப்படிப் பிடித்தார்கள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் இசை கேட்டு இவ்வளவு உயரத்துக்கு நான் போனதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். தட்டு எப்போதோ முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. இசை மட்டும் நிற்கவில்லை.

போர்வையோடு எழுந்து கதவைத் திறந்தேன். தப்பு நின்றது. ஒரு பிள்ளை வீரிட்டது. மூக்கன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கிளாக்கரையா… எந்திரிச்சிட்டீங்களா?"

குரலில் நிம்மதி கொஞ்சமும் ஏமாற்றம் மிச்சமும் இருந்தன.

"நான் எங்கே போனேன், எழுந்து வர?"

"போய்ட்டீங்கன்னுல்ல நெனச்சோம்! அம்மா தலையில கைய வச்சிட்டு ஒக்காந்திருந்தாங்க. ஒப்பாரிச் சத்தம் வேற கேட்டுச்சு."

"அது சாக்ஸபோன், மூக்கன்."

"அவங்க யாருங்க, கொழும்புச் சொந்தமா?"

கொழுந்து பறித்து ஓய்ந்த பூரணி அப்போதும் மாரில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். 'நிறுத்த கொழுந்துல ஒரு கிலோவும் கழிக்காத மகராசன்' என்று என்னைப் பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். நன்றி சொன்னேன். "அது பாட்டுக்குச் சொன்னதுங்கையா. நெசத்துல நெறையத்தான் கழிச்சீங்க. உசுரோட இருக்கீங்க, அதனால வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாதென்று வினோதாவின் தாயார் எல்லாருக்கும் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். அந்தச் சாக்கில் நான் தட்டை மறுபடி போட்டுக் காட்டினேன். தப்புக்காரர் ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இதை ஊதுறவருக்கு வீட்டுல என்னங்க கஷ்டம்?" என்றார். கஷ்டம் ஒன்றுமில்லை, சந்தோசத்தில்தான் வாசிக்கிறார் என்றேன். "சந்தோசத்துக்கே இப்புடின்னா, பாவம்" என்று அவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். மூக்கன் மறுத்துவிட்டார். "போட்ட பந்தல ஒரு காரியம் நடக்காமப் பிரிக்கக் கூடாதுங்கையா. சங்கத்து விதி." என்ன காரியம் என்று கேட்டேன். "நல்லதோ கெட்டதோ, அது ஒங்க விருப்பமுங்க." நான் நல்லதைத் தெரிவு செய்தேன். ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் வரும்போது வாசலில் காணப்போகும் பந்தல், சங்கத்தின் பெயர் எழுதிய பக்கம் உள்நோக்கித் திருப்பப்பட்ட, முழுக்க முழுக்க மங்கலமான பந்தல்.

இதோடு முடிந்திருந்தால் தங்களுக்கு இவ்வளவு எழுதவேண்டி வந்திராது. யாரோ கொடிகளையும் பந்தலையும் படமெடுத்து, நான் ஓய்வுபெற்ற அன்று எடுத்த பிரியாவிடைப் படத்தையும் சேர்த்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். அட்டன் முதல் டுபாய் வரை அனுதாபம் குவிந்தது. பதில் போடாமலிருப்பது மரியாதையல்ல என்று, ஒவ்வொருவருக்கும் கீழே 'நன்றி, சிவசாமி' என்று நானே எழுதினேன். அது நிலைமையைச் சீராக்கவில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பேசிவைத்த சரோஜாதேவி டீச்சர், தாங்கள் அறிந்த யாழ்ப்பாணத்து அம்மா, அன்றிரவே அழைத்தார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா செத்தவீடு எண்டு ஒருக்காப் பேர் எடுத்தா எடுத்ததுதான். ஒரு வருசத்துக்கு அந்த வீட்டில நல்ல காரியம் வைக்கேலாது."

"நான் சாகவில்லையே, டீச்சர்!"

"அது உங்களுக்குத் தெரியும். கந்தப்பளைக்குத் தெரியோணுமே?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் நாகலெட்சுமி நிற்கிறார். "எம் புள்ளையோட கல்யாணம் இந்த மாட்டுச் சத்தத்தால நின்னுச்சுன்னா, அந்தத் தட்டையெல்லாம் ரொட்டி சுடுற கல்லாக்கிப்புடுவேன், சொல்லிட்டேன்" என்கிறார். சொல்லிவிட்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சம்பந்தி. வினோதா கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கி இத்தனை வருடத்தில் வந்த வரன்களுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே இருந்த பிள்ளை. தங்கள் மகன் வந்த அன்றுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதைத் தட்டில் கேட்டு நான் ரசிக்கலாம். என் பிள்ளையின் காரியத்தில் அது நடக்க நான் காரணமாகக் கூடாது.

ஆகவே இதன்மூலம் தங்களுக்கு உறுதியளிக்கிறேன். தட்டுகள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, கொட்டகலையிலுள்ள சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். கல்யாணம் முடியும் வரை இந்த வீட்டில் நாதஸ்வரம் தவிர வேறு குழல் சத்தம் கேட்காது. இந்த வீட்டில் சாவு நடக்கவில்லை, தீட்டு இல்லை, தள்ளிப்போடக் காரணமும் இல்லை. தாங்கள் வரவேண்டும். அண்ணியாருக்கு என் வணக்கமும் நாகலெட்சுமியின் அன்பும். மாப்பிள்ளைக்கு, நான் உயிரோடு இருப்பதால் நேரிலேயே தரக்கூடிய என் ஆசீர்வாதம்.

என்றும் (இன்னும்) தங்கள்,
சிவசாமி.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் வினோதா பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ அப்பா! மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அவங்க போன் சனிக்கிழமையே கரட் கழுவுற தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. பேஸ்புக் அவங்க பாக்குறதே இல்ல. துஷாந்த்தான் எல்லாத்தையும் பாத்துட்டு வீட்டுல மூச்சு விடாம இருக்காரு" என்றாள். இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்றேன். "நாங்க பேசிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பேசாமத் தெரிஞ்சிக்கிட்டேன்னா சொல்றது?" ஆகவே நான் இறந்த விசயமே தங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்று நடக்கவில்லை என்று இவ்வளவு தூரம் விளக்கியதற்கு மன்னிக்கவும். திரும்ப எழுதலாம் என்றால், கடிதத்தைக் கொண்டுவர இருக்கும் மூக்கன் வாசலில் ஓட்டோ ஹோனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார். எனவே தயவுசெய்து முதல் பந்தியை மட்டும் வாசித்து மற்றதை விட்டுவிடவும். தட்டுகளை அனுப்பிவிட்டதாக வரும் இடத்தையும் விட்டுவிடலாம். கயிறு வாங்கியது மட்டும் உண்மை. மாப்பிள்ளை, டென்மார்க் தட்டை வெள்ளிக்கிழமை எல்லாரும் இருக்கும்போது முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. சங்கத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டேன்.