குடம்புளி மரத்துக்கு ஒரு நேர்ச்சை

அன்புள்ள தம்பி அனில்குமாருக்கு அக்கா பெமிலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உன் அத்தான், பூட்டிக் கிடக்கும் உன் வீடு எல்லோரும் சுகம். அங்கே தம்மாமில் நீயும் உன் தொப்பையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் பாதியில் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாதுல்லா, அதனால்தான்.

நீ வாங்கப்போகிற பெரிய கார் கேட்டுக்குள் திரும்ப இடைஞ்சல் என்று, ரோட்டோரம் நான் நட்டு வளர்த்த குடம்புளியைப் பிடுங்க ஜேசிபிக்காரன் பிரதீஷை அனுப்பினாயே, அவன் வந்தான். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முதல் காய் நம்ம கோயில்ல அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குன்னு நேந்துட்டேன் மக்கா. அதுக்கு முன்ன தொட்டா பாவம் உனக்குத்தான்" என்றேன். அவன், "எக்கா, நான் புள்ளகுட்டிக்காரனாக்கும்" என்று பயந்து வண்டியைப் பின்னால் எடுத்ததில், எதிர்வீட்டுப் பொன்னுலிங்கம் அண்ணன் ரோட்டோரம் வைத்திருந்த வாழை சாய்ந்துவிட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, "ஏலே, எனக்க வாழைக்கொலையும் கோயிலுக்கு நேந்ததுதாம்லே!" என்று சத்தம் போட, அதைக் கேட்டு நேசம்மாள் மைனி முருங்கையை நேர்ந்தாள், பக்கத்து வீட்டுப் பையன் ஸ்மைலின், போன வாரம் வைத்த கறிவேப்பிலைக் கன்றை நேர்ந்தான். இப்போது நம் தெருவில் ஒரு இலை கிள்ள ஆள் கிடையாது. போதகர் கூப்பிட்டு, "ஏலம் விடியுற வரைக்கும் போகும் போலிருக்கே பெமிலா" என்று தலையில் கை வைத்தார்.

கோபப்படாதே தம்பி. ரோட்டை அகலப்படுத்தியபோது இருந்த மரமெல்லாம் போயிற்று. இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் கூடையை இறக்கி வைக்கும் மீன்காரியும் ஒதுங்குகிற நிழல் இது ஒன்றுதான். அதை நான் விடமாட்டேன். ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மரம் இப்போதுதான் முதல்தடவையாக மொட்டு வைத்திருக்கிறது. முதல் காய் ஏலம் போன மறுநாள் நீயே வந்து வெட்டிக்கொள். நான் வாயே திறக்கமாட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசும், உனக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையும் தருவாராக.

உன் அக்கா,
பெமிலா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மொட்டு விரிந்துவிட்டது. பொன்னுலிங்கம் அண்ணன் பூவை உற்றுப் பார்த்து, "ஏட்டி பெமிலா, இது ஆண் மரமாக்கும். வருசா வருசம் பூக்கும், ஒருகாலமும் காய்க்காது" என்கிறார். கோயிலுக்கு நேர்ந்ததை மாற்ற முடியுமா? நீ சின்னக் காராப் பாத்து வாங்குலே.