குடல் ஸ்கேனுக்கு முந்தைய நாள் காரில் ஏறியது பற்றி அக்காவுக்கு

என்றும் என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இப்போதைய நிலைமைக்கு 'காலி' என்ற சொல்தான் பொருத்தமாக இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "வயிறு" என்று சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று கைமருந்து சொல்லிவிடுவாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆறு மாதமாக என் வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. பேசாமல் இருக்கவேண்டிய இடத்தில் பேசும், போகவேண்டிய நேரத்தில் போகாது, போகக்கூடாத நேரத்தில் ஒரு நிமிடம்கூட அவகாசம் தராது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இது எப்பேர்ப்பட்ட சோதனை என்று யோசித்துப் பார். இந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது, எந்த நூலகத்தில் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். திடீர் திடீரென்று "ஓரமா நிறுத்துங்க, ஓரமா நிறுத்துங்க" என்று நான் கத்தியதில், என்னிடம் படித்தவர்கள் வேறு எது தெரியாவிட்டாலும் வண்டி நிறுத்துவதில் புலிகளாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது வயது டீச்சரம்மா. இரண்டாவது கியருக்கு மேல் போகாத நிதானஸ்தர். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்: "ஏன் சார், தினமும் இந்த மரச்சாமான் கடை வாசல்லதான் பாடம் முடியுது. கட்டில் ஏதாவது பாத்து வெச்சிருக்கீங்களா?" கட்டில் இல்லை டீச்சர், மாடிப்படிக்குக் கீழே அவர்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நடுவில் இரண்டு தடவை இரத்தமும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உன் தம்பி பெண்டாட்டிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. "பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று ஆரம்பித்தவள், பதினைந்து நிமிடத்தில் என்னை டாக்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டாள். டாக்டரம்மா சின்ன வயது. பெருங்குடலைக் காகிதத்தில் வரைந்து, "கேமராவ இப்படிக் கொண்டுபோய், இங்க திரும்பி, இதுவரைக்கும் பாப்போம்" என்றார். ஊரில் எல்லாரும் ஸ்கேன் என்று சொல்வது இதைத்தான். பயத்தை மறைக்க, "இது ஒருவழிப் பாதையாச்சே, எதிர்த் திசையில வர்றீங்களே" என்றேன். டாக்டர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் எமர்ஜென்சி. குறிப்புத்தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. விதை கூடாது, தோல் கூடாது, கீரை கூடாது, முந்தைய நாள் தெளிந்த நீர் மட்டும். அன்றைக்குப் பகலில் பேதி மருந்து, கால் மணிக்கு ஒரு டம்ளர். கடல் தண்ணீரில் எலுமிச்சை வாசனை சோப்பைக் கரைத்த மாதிரி ஒரு ருசி. இவள் கையில் கடிகாரத்தோடு நின்றாள். மூன்று டம்ளர் ஆயிற்று, வயிற்றில் ஒரு சலனமும் இல்லை. "நம்ம உடம்புகிட்ட இதெல்லாம் பலிக்காது" என்று நான் காலரைத் தூக்கிவிட்ட நேரத்தில் வாசலில் டீச்சரம்மா. மறுநாள் காலை அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட். "பத்தே நிமிஷம் சார், ரிவர்ஸ் மட்டும் ஒரு தடவை" என்று கண்கலங்கினார். இவள் சமையலறையில் நாலாவது டம்ளரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் காரில் ஏறிவிட்டேன். அக்கா, புத்தி என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

இரண்டாவது சிக்னலில் உள்ளே இடி இடித்தது. முகம் வியர்த்துவிட்டது. "என்ன சார் ஆச்சு?" "டீச்சர்... கட்டில் கடை... சீக்கிரம்." அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது கியர், நாலாவது கியர், ஒரு லாரியை முந்தி, ரிவர்ஸில் ஒரே வீச்சில் கடை வாசலில் நிறுத்தினார். கடைக்கு அன்று வார விடுமுறை! "பெல்ட்ட போடுங்க சார்" என்றார், நான் அவருக்கு மூன்று மாதமாகச் சொன்ன அதே குரலில். சொல்லிக்கொடுப்பவனுக்கென்று என் பக்கம் தனியாக இருக்கும் பிரேக்கில் கால் வைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. காலை அசைத்தால் எல்லாம் போய்விடும். எப்படி வீடு சேர்ந்தோமோ தெரியாது. வாசலில் இவள் டம்ளரோடு நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் வழிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய மௌனத்துக்கு நன்றி சொன்னேன். மற்றதை எழுத வேண்டாம். வெள்ளை டைல்ஸ் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு, ஒன்று விரிசல்.

மறுநாள், முதுகுப் பக்கம் கதவே இல்லாத ஓர் உடுப்பைக் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். மூன்று நாளாக என்னை மிரட்டியவள், நடைபாதை பெஞ்சில் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மடியில் இருப்பது அவளுக்கே தெரியவில்லை. ஊசியின் அரை மயக்கத்தில் நான் டாக்டருக்கே பாடம் எடுத்தேனாம்: "திருப்பத்துல மெதுவா. கண்ணாடிய பாருங்க. ஹாரன் அடிங்க." நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பட்டாணி அளவில் ஒரு சதை முளை இருந்ததாம், அங்கேயே எடுத்துவிட்டார்கள். இரத்தம் மூலத்தால் வந்தது. பரிசோதனை முடிவு இன்று வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்று உபத்திரவம் மட்டும் தொடர்கிறது. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். டீச்சரம்மா டெஸ்டில் பாஸ். எது எப்படியானாலும் அக்கா, அந்த மருந்தும் அந்த உடுப்பும் விரோதிக்குக்கூட வரக்கூடாது. அத்தானுக்கு என் வணக்கம். உன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள். இப்போதைக்குக் குனிய முடியாது.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நாலு பக்கம் வேடிக்கையாக எழுதினால் இதைச் சொல்லும் தைரியம் தானாக வந்துவிடும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த முளை, விட்டுவைத்திருந்தால் பின்னால் கெட்டதாக மாறக்கூடிய வகையாம். உடன்பிறந்தவர்களும் கட்டாயம் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு உடன்பிறந்தது நீ ஒருத்திதானே? அதனால் மேலே எழுதியது அத்தனையும் பொய் என்று வைத்துக்கொள். மருந்து நல்ல எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும், உடுப்பு காற்றோட்டமானது. அடுத்த மாதம் எட்டாம் தேதிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. நீ உள்ளே இருக்கும் நேரம் முழுக்க நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.