நாற்பது பேர் தங்கும் பட்டகம்

பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் வெயிலில் காயக்கூடாது என்று மேலிடம் மனமிரங்கி, எங்கள் தெருமுனைக்கு ஒரு நிழற்கொட்டகை வழங்கியது. அங்கே ஏற்கெனவே ஒரு மரம் இருந்தது. மரத்துக்குப் புறப்பரப்பு காண வழியில்லாததால் அதை முதலில் வெட்டினார்கள்.

சதுரமாகக் கட்டினால் போதுமே என்றோம். அது பழைய மோஸ்தராம். இப்போதெல்லாம் முக்கோணப் பட்டகம்தானாம். கூடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தரை, இரண்டு பக்கமும் சரிவு, முன்னால் ஒரு முக்கோணம், பின்னால் ஒரு முக்கோணம்.

எல்லாரையும்விட சந்தோஷப்பட்டவள் தையல்காரரின் மருமகள். அவள் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். தினமும் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "வெயில் மட்டும் படவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கொட்டகை எழுந்தது. பளபளவென்று தகரம். ஐந்து முகமும் அடைத்திருந்தது. வாசல் என்று ஒன்று இல்லை.

ஒருவேளை பின்னால் இருக்குமோ என்று சுற்றிச் சுற்றி வந்தோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் சுற்றினாள். அப்போது பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"உள்ள எப்படி சார் போறது?" என்று அவள் கேட்டாள்.

"என்னம்மா கேள்வி இது? அகலம் ஆறு, உயரம் நாலு, நீளம் அஞ்சு. பெருக்கிப் பாதியாக்கு. அறுபது கன மீட்டர். ஆளுக்கு ஒன்றரை வெச்சாலும் நாற்பது பேர் தாராளமா இருக்கலாம்."

"இருக்கலாம் சார். நுழையணுமே?"

"நுழையறதுக்கெல்லாம் சூத்திரம் கிடையாதும்மா."

டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "முன்பக்கத் தகரத்தை மட்டும் கழட்டி விட்டுடுங்களேன் சார். ஒரு நிமிஷ வேலை."

பொறியாளர் பதறிப்போனார். "என் வேலைக்கு உலை வைக்கறீங்களா? மொத்தப் புறப்பரப்பு நூத்தி நாலு சதுர மீட்டர்னு ஒப்புதல் ஆகியிருக்கு. அந்த முக்கோணம் மட்டும் பன்னிரண்டு. எடுத்துட்டா தொண்ணூத்திரண்டு. நாளைக்குத் தணிக்கைக்காரன் நாடா போட்டு அளந்தா, குறையற பன்னிரண்டை உங்க கடைக் கூரையில பிய்ச்சா குடுப்பேன்?"

கூரை என்றதும் டீக்கடைக்காரர் கடைப் பக்கம் நடையைக் கட்டினார்.

வெளியே ஒண்டி நிற்கலாம் என்றாலும் முடியவில்லை. சரிவுச் சுவரல்லவா, உச்சிப்பொழுதில் அதன் நிழல் அதற்குள்ளேயே விழுந்தது. தகரம் தான் வாங்கிய சூட்டையெல்லாம் எங்கள் மேல் அடித்தது. குழந்தையின் கொப்புளம் முகத்துக்கும் ஏறிவிட்டது.

பிறகு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். நாற்பது பேருக்கு இடம் இருந்தும் ஒருவர்கூட உள்ளே இல்லை என்பதை வேதனையோடு கண்டறிந்தார். பொதுமக்களின் ஒத்துழையாமை குறித்து வருத்தம் தெரிவித்தார். மறுநாளே பலகை மாட்டினார்கள்: "வெளியே நிற்போர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

இதற்கு மேல் சும்மா இருப்போமா? தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் போனோம். தையல்காரர் மருமகள் முன்னால் நின்றாள்.

"இந்தக் கொழந்த மூஞ்சியப் பாருங்க சார். கதவு வைங்க, இல்லேன்னா எங்களுக்கு அந்தக் கொட்டகையே வேண்டாம்!"

பெரிய அதிகாரி சிரித்தார். "வேண்டாமா? ரொம்ப நல்லதாப் போச்சு. பக்கத்துத் தெருக்காரங்க நச்சரிச்சுக்கிட்டே இருக்காங்க. லாரிய அனுப்பித் தூக்கிக் குடுத்துடறேன்."



"அவங்களுக்கா?" என்றார் டீக்கடைக்காரர். "அவங்களுக்குத்தான் விளக்குக் கம்பம் குடுத்தீங்களே சார்!"

"அது எரியவே இல்லியேப்பா."

"எரியாட்டி என்ன, கம்பம் கம்பம்தானே?"

ஓடினோம். லாரி வருவதற்குள் கொட்டகையைச் சுற்றிக் கைகோத்து நின்றோம். முதல் ஆளாக அவள்தான் சூடேறிய தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "எங்க கொட்டகைடா! எவன் தொடறான்னு பார்த்துடறேன்!"

உச்சி வெயில். தோளில் கிடந்த குழந்தை வீறிட்டது. எங்கள் கோஷத்திலேயே பலமான குரல் அதுதான் என்று தெருவே மெச்சிக்கொண்டது.