மாப்பிள்ளைக்கு நாலு போர்டு

இரண்டு இஞ்ச் டேப்புகளைக் குண்டூசி போட்டு இணைத்து, குதிரையின் வயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்து, தையல்காரி இரண்டாவது முறையாக அளந்து பார்த்தாள். எழுபத்தெட்டு அங்குலம்.

"போன மாசம் எழுபத்தஞ்சுங்க! வேணும்னே வயித்தை உப்பிக்கிட்டு நிக்கிறானோ?"

"உன்கிட்ட அளவு கொடுக்க வர்றவங்க எல்லாம் வயித்தை உள்ளே இழுத்துக்குவாங்க. இவன் ஒருத்தன்தான் நேர்மையா நிக்கிறான்," என்றார் வேலிக்கு வெளியே நின்ற அவள் புருஷன். அவர் தபால்காரர். பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம்.

குதிரை அவர்களுடையது அல்ல. அவள் அண்ணன் குதிரையேற்றம் சொல்லித் தருகிறவர். இரண்டு வருட வேலையாகக் கடல் தாண்டிப் போனபோது, "இவன் எனக்குப் பிள்ளை மாதிரி, பத்திரம்" என்று தங்கை கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டை ஒட்டிய காலி மனையில் கம்பி வேலி போட்டு விட்டார்கள். வேலை வெட்டி எதுவும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு நின்றுகொண்டே இருந்ததால், தபால்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்.

முதல் மாதம் அவளுக்கு அது தலைவலி. இரண்டாவது வருடத்தில், காலையில் கண் விழித்ததும் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் புருஷனைப் பார்த்தாள். அண்ணன் திரும்பி வர இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது என்று நினைத்தாலே, கையிலிருக்கிற தையலைப் போட்டுவிட்டு வேலிப் பக்கம் வந்துவிடுவாள்.

அன்று மாப்பிள்ளை நொண்டினான். குதிரை டாக்டர் வந்து ஒவ்வொரு குளம்பாகத் தொட்டுப் பார்த்தார். நரைத்த தலையும் ரப்பர் பூட்ஸுமாக இருந்த அந்தம்மாவுக்கு, குதிரைகளிடம் மட்டும்தான் கனிவாகப் பேச வரும்.

"முன்னங்கால் குளம்பு ரெண்டும் அனலாக் கொதிக்குது. என்ன கொடுக்கறே?"

"நீங்க சொன்ன காய்ஞ்ச புல்லுதான் டாக்டர். எடை போட்டு, தண்ணியில ஊறவெச்சு..."

"அப்புறம் ரோட்டுல போறவங்க?"

அவள் தலை குனிந்தாள். வேலி ஓரமாகப் போகிறவர்கள் சும்மா போவதில்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பாதி ஆப்பிள் கொடுப்பார். கல்லூரிப் பெண்கள் பிஸ்கட் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தை மிச்சம் வைத்த ரொட்டியைக் கொடுப்பாள்.

"ஆளுக்கு ஒரு வாய்தானே டாக்டர்?"

"ஒவ்வொருத்தரும் அப்படித்தான் நினைப்பாங்க. நாப்பது பேருக்கு நாப்பது வாய் ஆச்சு. ரொட்டியும் சர்க்கரையும் குதிரையோட காலுக்கு எமன். குளம்புக்குள்ள வீங்கிடும். இனி வெளி ஆள் கையால ஒரு துண்டுகூட உள்ள போகக் கூடாது. இன்னொரு தடவை பெருசா வந்து இவன் கீழே படுத்துட்டா, எழுந்திருக்க மாட்டான். அப்புறம் நான் எடுக்க வேண்டிய முடிவு உனக்குப் பிடிக்காது."

அந்த முடிவு என்னவென்று அவள் கேட்கவில்லை. நேராகத் தையல் மிஷினுக்குப் போய், கையில் கிடைத்த ஒரு துண்டுத் தாளில் 'குதிரைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதி, போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்தனுப்பினாள்.

போர்டுக்காரர் ஊரின் மறு கோடியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, இந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் எழுதுகிறவர். ஒல்லியான மனிதர். கட்டை விரலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் போர்டைக் கொண்டுவந்து, வீட்டு ஜன்னலுக்குத் தெரியாத வேலி மூலையில், ரோட்டைப் பார்க்க மாட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தையல்காரி டீ போட்டு எடுத்து வந்து, பார்த்து, திகைத்துப் போனாள்.

வாக்கியத்துக்குக் கீழே, வலது மூலையில், அதே அழகோடு 'இடுப்பு 34' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, இது என்னண்ணே?"

"நீங்க கொடுத்த பேப்பர்ல இருந்ததும்மா."

"அது வேற யாருக்கோ எடுத்த அளவுண்ணே! பேப்பர் மூலையில கிடந்துச்சு."

"பேப்பர்ல இருக்கிறதுல ஒரு புள்ளி கூட விடமாட்டேம்மா. அதுதான் தொழில் சுத்தம்," என்றார் பெருமையாக. பிறகு மாப்பிள்ளையின் நெற்றியைத் தடவினார். "என்ன அழகா இருக்கான்! கண்ணு பேசுதும்மா. ஏன் நொண்டறான்?"

"காலுல வலிண்ணே."

"ஐயோ பாவம். தெம்பு இல்லைபோல," என்றார் அவர். மாப்பிள்ளை அவர் சட்டையை முகர்ந்து கனைத்தான். பெயிண்ட் வாசனை அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தெரு முழுக்க, குதிரைக்கு இடுப்பு முப்பத்தி நாலா, இல்லை குதிரைக்காரிக்கா என்று ஒரே பேச்சு. அதுவரை மாப்பிள்ளையைக் கவனிக்காமல் போனவர்கள் கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை மறுபடி நொண்டினான். டாக்டர் வந்து அவன் உதட்டு மயிரிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உலர்ந்த திராட்சை.

"புல்லுல திராட்சை காய்க்குதா?"

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருமுனை பேக்கரிக்கு இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே போனாள்.

"உங்க திராட்சை பன்னைத்தான் என் குதிரைக்கு யாரோ கொடுக்கறாங்க. யாருன்னு சொல்லுங்க."

"அம்மா, ஒரு நாளைக்கு நூறு பன் போகுது. சாப்பிடப்போறது மனுஷனா குதிரையான்னு கேட்டா விக்க முடியும்?" என்றார் பேக்கரிக்காரர்.

இரண்டாவது போர்டு எழுதக் கொடுத்தாள். 'இந்தக் குதிரைக்கு நோய். நீங்கள் கொடுக்கும் ரொட்டிதான் காரணம்.' இந்த முறை வெள்ளைத் தாளாகப் பார்த்து எழுதினாள். போர்டுக்காரர் சுற்றிலும் பூ பார்டர் போட்டுக் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் காட்டமா இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

அவர் போர்டையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "நடுவுல கொஞ்சம் நெருக்கமா இருக்கும்மா. அடுத்த தடவை தள்ளித் தள்ளிப் போட்டுடறேன். குளிர்ச்சியா இருக்கும்."

கலைஞனின் கவலை கலைஞனுக்கு என்று நினைத்து, அவள் டீ போட உள்ளே போனாள்.

"மெதுவாவே எடுத்துட்டு வாங்கம்மா. அவசரமே இல்ல," என்று குரல் கொடுத்தார் அவர்.

மாப்பிள்ளையின் சுற்றளவு எழுபத்தொன்பது ஆனது.

தையல்காரி தைப்பதை விட்டாள். வேலிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் கையையெல்லாம் நோட்டம் விட்டாள். மூன்றாம் நாள் காலை ஹெட்மாஸ்டர் துணிப்பையோடு வேலியோரம் நின்றார். பை உப்பலாக இருந்தது. அவள் பாய்ந்து போய் வழி மறித்தாள்.

"பையில என்ன சார்?"

"அது எதுக்கும்மா உனக்கு?"

"காட்டுங்க சார். படிச்சவங்களே இப்படிச் செய்யலாமா?"

அவர் முகம் சிவந்தது. பைக்குள் கை விட்டு, ஒரு பேண்ட்டை எடுத்து நடுத்தெருவில் விரித்துப் பிடித்தார்.

"இடுப்பைப் பிரிச்சு விட உன்கிட்டதான் கொண்டு வந்தேன். நீ போன வருஷம் தைச்சது. முப்பத்தி நாலு! என் அளவை ஊர் பார்க்க போர்டு போட்டு மாட்டியிருக்கே. அது போதாதுன்னு இப்ப திருட்டுப் பட்டமா? அந்தப் போர்டு வந்த நாள்லேர்ந்து நான் ஆப்பிள் தோலைக்கூட வீட்டுக் குப்பைத்தொட்டியிலதான் போடறேன், தெரியுமா?"

தெரு கைகட்டி நின்று பார்த்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. அன்றே மூன்றாவது போர்டு எழுதக் கொடுத்தாள். 'ரொட்டி கொடுப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும்.'

அதோடு தெருவே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. யாரைச் சொல்கிறாள் என்று தெரியாததால் ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். தைக்கக் கொடுத்த துணிகள் தைக்காமலேயே திரும்பிப் போயின. தபால்காரர் பெல் அடித்தால் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து தபாலை வாங்கிக்கொண்டது.

"நானும் ஒரு வீட்டு மாப்பிள்ளைதான்," என்றார் அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது. "எனக்கு யாராவது பன் கொடுத்தாங்களான்னு ஒரு போர்டு போட்டிருக்கியா?"

அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் போன்ல கேக்கறாருங்க, புள்ளை எப்படி இருக்கான்னு. நல்லா இருக்கான்னு பொய் சொல்லிட்டேன். அவன் போயிட்டா அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? என் முகத்துலயே என்னால முழிக்க முடியாதுங்க."

தபால்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரே ஆள்தான் நம்ம மேல கோபமில்லாம இருக்கார். போர்டுக்காரர். எதிர்ச் சுவருல விளம்பரம் எழுதறதுக்கு ஒரு வாரம் இங்கேயேதானே நிப்பார்? அவரைப் பார்த்துக்கச் சொல்லேன்."

நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் காலை ஏணி மேல் நின்றவரிடம் போனாள். மூன்று போர்டையும் எழுதிய மனிதர். விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, என் பையன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க. வேலிகிட்ட யாராவது வந்தாங்கன்னா எனக்குச் சொல்லுங்க."

"சொல்லணுமாம்மா? அவனை நான் பார்த்துக்கறேன்," என்றார் போர்டுக்காரர். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் அவள் நிம்மதியாகத் தைத்தாள். தினமும் சாயங்காலம் அவர் வந்து, "ஒருத்தர்கூடக் கிட்ட வரலைம்மா. பார்த்தும் பார்க்காத மாதிரி போறாங்க. இந்தத் தெருவுல ஈரமே இல்ல," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அவளோ டீயோடு இரண்டு பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுத்தாள். அவர் பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாரக் கடைசியில் டேப் எண்பத்தொன்று காட்டியது. அடுத்த நாள் காலை மாப்பிள்ளை படுத்துவிட்டான்.

டாக்டர் ஊசி போட்டார். குளம்புகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னார். "நான் செய்யறதைச் செஞ்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள அவனாவே எழுந்து நாலு அடி நடக்கணும்," என்றவர் மீதியைச் சொல்லவில்லை. முதல் தடவையாக அந்தம்மா தையல்காரியின் தோளில் கை வைத்தார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

செய்தி பரவியது. ஹெட்மாஸ்டர் முதலில் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். பேக்கரிக்காரர் கடையை மூடிவிட்டுப் பனிக்கட்டி கொண்டுவந்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். கதவைத் திறக்காத தெரு முழுக்க வேலிக்குள் நின்றது.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் தையல்காரி சேற்றில் உட்கார்ந்தபடி. "நான் உங்க காலுல விழறேன்னு நாலாவதா ஒரு போர்டுகூட எழுதக் கொடுத்திருக்கேன்."

"போர்டெல்லாம் எதுக்கும்மா," என்றார் ஹெட்மாஸ்டர். "நீ முதல்ல மாட்டினியே, அன்னிக்கே நாங்க எல்லாரும் நிறுத்திட்டோம்."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

நாலு மணி ஆயிற்று. ஐந்தாயிற்று. தூக்கினார்கள், தள்ளினார்கள், கெஞ்சினார்கள். மாப்பிள்ளை அசையவில்லை. டாக்டர் மணியைப் பார்த்துவிட்டுத் தன் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். தையல்காரி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அப்போது ரோட்டில் சைக்கிள் மணி அடித்தது.

மாப்பிள்ளையின் காது நிமிர்ந்தது. தலை தூக்கினான். முன்னங்கால்களை ஊன்றினான், சரிந்தான், மறுபடி ஊன்றினான். நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றான். தெரு மூச்சு விடவில்லை. ஓர் அடி வைத்தான். இரண்டு. மூன்று. நான்காவது அடியில் வேலியோரம் போய், நாலாவது போர்டை இறக்கிக்கொண்டிருந்த போர்டுக்காரரின் பைக்குள் மூஞ்சியை நுழைத்தான்.

பையிலிருந்து மூன்று திராட்சை பன் கீழே உருண்டன. டாக்டர் ஒரே எட்டில் பாய்ந்து மூன்றையும் பூட்ஸால் மிதித்தார்.

"ஆங்! காலையிலயும் சாயங்காலமும் மூணு மூணு பன் வாங்கறது இவருதான்!" என்று கத்தினார் பேக்கரிக்காரர். "வீட்டுல புள்ளைங்க நிறையன்னு நினைச்சேன்!"

தையல்காரி சேறும் கண்ணீருமாக எழுந்து வந்தாள். கோபப்பட வேண்டும் என்றுதான் வந்தாள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்ததால் கோபம் சரியாக வரவில்லை.

"நீங்களாண்ணே? நாலு போர்டும் உங்க கையால எழுதினதுதானே? அத்தனையும் எழுதிட்டு, அவனுக்கு பன் கொடுக்க எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

போர்டுக்காரர் தான் எழுதிய போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். நீலம் ஒட்டிய கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நான் பேப்பரைப் பார்த்து வரையறதோட சரிம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது... அதுல என்னதாம்மா போட்டிருக்கு?"